சாகப்போகிறவனுக்கு மேடை எதற்கு?

ஒரு மனிதனுக்குக் கொடிய வியாதி வந்திருக்கிறது என்று வைத்தியர் சொல்லிவிட்டால், அன்று முதல் அவன் மனிதன் என்கின்ற கணக்கிலிருந்து தள்ளப்பட்டு, நோயாளி என்கின்ற கணக்கில் சேர்க்கப்பட்டு விடுகிறான். அவன் எதைச் சாப்பிடுவது, யாரோடு பேசுவது, எந்தக் கோவிலுக்கு நேர்ந்துகொள்ளுவது, எந்த ஜோசியனிடம் ஜாதகத்தைக் காட்டுவது என்பவைகளையெல்லாம் மற்றவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தச் சமயத்தில் அவன் வாயைத் திறந்து, "எனக்குச் சிறுவயது முதல் நாடகத்தில் நடிக்க வேண்டுமென்று ஆசை, குடும்பத்துக்காக அடக்கி வைத்திருந்தேன், இனியாவது மேடை ஏறிப் பார்த்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டால் போதும், வீடு முழுவதும் அவன்மேல் விழுந்துவிடும். "சாகப்போகிற நேரத்தில் சங்கரா சங்கரா என்று கிடக்காமல் கூத்தாடப் போகிறாயா?" என்பார்கள்.

அப்படிச் சொல்லுகிறவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். மீதியிருக்கும் நாட்கள் யாருடையவை? அவனுடையவையா, உங்களுடையவையா? அவனுடையவை என்றால், அவைகளை எப்படிச் செலவு செய்வது என்று சொல்ல அவனைவிட யாருக்கு அதிக யோக்கியதை இருக்கிறது?

நிற்க. இந்த வழக்கு புதியதல்ல. பிரெஞ்சு தேசத்தில் முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே இது நடந்திருக்கிறது. அதை நமது வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாரிஸ் நகரத்தில் 1622ல் ஒரு மெத்தை, திரைச்சீலை வியாபாரிக்கு ஒரு பிள்ளை பிறந்தது. தகப்பனார் அரசனுடைய அரண்மனைக்கே மெத்தை வேலை செய்யும் உத்தியோகம் பெற்றவர். அந்த உத்தியோகம் பிள்ளைக்கும் வருவதற்கு ஏற்பாடாகியிருந்தது. ஆனால், பிள்ளையோ 1643ல் அதை வேண்டாமென்று உதறிவிட்டு, சில கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு நாடக சபை ஆரம்பித்தான். அவன் வைத்துக்கொண்ட மேடைப்பெயர்தான் மோலியேர். சபை இரண்டு வருஷத்தில் கடனில் மூழ்கிற்று. 1645ல் மோலியேர் கடனுக்காகச் சிறைக்குப் போனார். வெளியே வந்தவர் தகப்பன் கடைக்குத் திரும்பினாரா? இல்லை. சுமார் பதின்மூன்று வருஷ காலம் ஊர் ஊராய் அலைந்து நாடகம் ஆடினார். 1658ல் பாரிசுக்குத் திரும்பிப் பதினான்காம் லூயி அரசன் முன்னிலையில் நடித்த பிறகுதான் அவருக்கு நல்லகாலம் வந்தது.

நல்லகாலம் என்றாலும் பாதிரிகள் சும்மாயிருக்கவில்லை. பக்தி வேஷம் போட்டுக்கொண்டு ஒரு குடும்பத்தில் புகுந்து சொத்தையும் பெண்ணையும் அபகரிக்கப் பார்க்கும் ஒரு போலியைப் பற்றி, "தார்த்தூஃப்" என்ற நாடகத்தை 1664ல் அவர் நடித்துக் காட்டினார். உடனே அதற்குத் தடை வந்தது. அந்தத் தடை நீங்க 1669 வரை ஐந்து வருஷம் அவர் போராட வேண்டியிருந்தது. யோக்கியமான பக்தனுக்கு ஒரு போலியைப் பற்றிய நாடகத்தால் என்ன நஷ்டம் என்று வாசகர்களே யோசித்துக் கொள்ளலாம்.

இந்தப் போராட்டத்தின் நடுவில்தான் வியாதி வந்தது. 1666ம் வருஷ ஆரம்பத்திலேயே அவர் கடுமையாய்ப் படுத்துவிட்டார். அது முதல் நெஞ்சு நோயும் இருமலும் அவரை விடவேயில்லை. காசநோய்தான் என்பது பலருடைய அபிப்பிராயம். மற்றவனாயிருந்தால் இருமலை மறைக்கப் பார்ப்பான், அல்லது மேடையை விட்டு ஒதுங்கிவிடுவான். மோலியேர் செய்தது என்ன? 1668ல் "கஞ்சன்" என்ற நாடகத்தை எழுதி, அந்தக் கஞ்சனுக்கு இருமல் உண்டென்று எழுதிவைத்துத் தாமே அந்த வேஷம் போட்டார். தன்னுடைய வியாதியையே வேஷத்துக்கு உடையாக்கிக் கொண்டவனை எந்த விதி என்ன செய்ய முடியும்?

1673ல், மரணம் வாசற்படியில் நிற்கும்போது, அவர் எழுதிய கடைசி நாடகம் எது தெரியுமா? "கற்பனை நோயாளி". உடம்பில் ஒரு வியாதியும் இல்லாத பணக்காரன் ஒருவன், தனக்கு எல்லா வியாதியும் இருப்பதாக நினைத்துக்கொண்டு, வைத்தியர்களுக்குப் பணத்தைக் கொட்டுகிற கதை. நிஜமாகவே செத்துக்கொண்டிருந்த ஒரு மனிதன், வியாதியில்லாத நோயாளியாக வேஷம் போட்டு ஜனங்களைச் சிரிக்க வைத்தான். பிப்ரவரி 10ந் தேதி முதல் நாடகம் நடந்தது. 17ந் தேதி நான்காவது நாடகம். அன்று அவருக்கு உடம்பு மிகவும் மோசமாயிருந்தது. நாடகத்தை நிறுத்திவிடும்படி வேண்டியவர்கள் கெஞ்சினார்கள். தினக்கூலியை நம்பியிருக்கும் ஐம்பது தொழிலாளிகள் அன்று என்ன சாப்பிடுவார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டதாக, 1705ல் அவர் சரித்திரத்தை எழுதிய கிரிமாரே என்பவர் சொல்லுகிறார். நாடகத்தின் கடைசிக் காட்சியில் அவருக்கு இழுப்பு வந்தது. அதைச் சிரிப்பாக மாற்றி மறைத்து, நாடகத்தை முடித்தே வெளியே வந்தார். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இருமி இரத்தம் கக்கி அன்றிரவே இறந்தார். வயது ஐம்பத்தொன்று.

இனிமேல்தான் மதத்தின் யோக்கியதையைப் பார்க்க வேண்டும். கடைசி நேரத்துக்குப் பாதிரியை அழைக்க ஆள் போயிற்று. இரண்டு பாதிரிகள் வரமாட்டோமென்று மறுத்துவிட்டார்கள். மூன்றாமவர் வந்து சேருவதற்குள் உயிர் போய்விட்டது. அக்காலத்தில் பாரிஸ் திருச்சபையின் விதிப்படி நடிகன் பாவி. சாகும்முன் "நடிப்புத் தொழிலை விட்டேன்" என்று எழுதிக் கொடுத்தால்தான் பிணத்துக்குக் குழி. மோலியேர் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே குழி இல்லை என்றார்கள்! அவர் மனைவி ஆர்மாந்த் பேராயருக்கு விண்ணப்பம் போட்டு, அரசனிடமும் முறையிட்ட பிறகு, பகலில் கூடாது, இராத்திரியில், யாதொரு ஆடம்பரச் சடங்கும் இல்லாமல் புதைத்துக் கொள்ளலாமென்று உத்தரவு வந்தது. நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 21ந் தேதி இரவு, பந்த வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

தோழர்களே! போலி பக்தர்களை எழுதிக் காட்டியவனுக்குக் குழி இல்லை. அந்தப் போலிகளுக்கோ பட்டப்பகலில் மணியடித்து அடக்கம்! நமது நாட்டில் "கூத்தாடி" என்ற சொல்லை வசவாக வைத்திருப்பவர்களுக்கும் அந்தப் பாதிரிகளுக்கும் என்ன வித்தியாசம்? ஆடுகிறவனைப் பார்த்துக் கைதட்டி மகிழலாம், ஆனால், அவனைப் பந்தியில் உட்கார வைக்கக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்? வியாதிக்காரன் மேடை ஏறக்கூடாது என்று தடுப்பதில் பாதி அவன் உடம்பின்மேல் உள்ள கவலை. மற்றப் பாதி இந்தப் பழைய இழிவு எண்ணமே என்பது நமது அபிப்பிராயம்.

மூட நம்பிக்கை அவரைச் செத்த பின்னும் விடவில்லை. பிரெஞ்சு நாடகக்காரரிடையே பச்சை உடை ஆகாது என்று ஒரு நம்பிக்கை வளர்ந்தது. ஏனென்றால் மோலியேர் அன்று பச்சை உடை உடுத்தியிருந்தாராம்! நுரையீரல் ஏழு வருஷமாய்க் கெட்டுக் கொண்டிருந்தது கணக்கில் இல்லை. துணியின் நிறம் ஆளைக் கொன்றுவிட்டதாம்!

இது இப்படியிருக்க, சிலர் மோலியேரைக் காட்டி, "அவரே வைத்தியர்களைக் கேலி செய்தாரே, நானும் மருந்து சாப்பிடமாட்டேன்" என்று சொல்லக்கூடும். அது தப்பு. அவர் கேலி செய்தது இரத்தத்தை வடிப்பதையும், வயிற்றைக் கழுவுவதையும் தவிர வேறொன்றும் தெரியாமல், லத்தீன் பாஷையைச் சொல்லி மயக்கிய வைத்தியத்தை. காசநோய்க் கிருமியைக் கோக் என்பவர் கண்டறிந்து சொன்னது 1882ல். அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது 1943ல். இன்றைக்கு சாதாரணக் காசநோயை ஆறு மாதம் ஒழுங்காய் மாத்திரை சாப்பிட்டே குணப்படுத்திக் கொள்ளலாம். பரீட்சை செய்து பார்த்த வைத்தியத்தை ஒப்புக்கொள்ளுவதும், பரீட்சைக்கு நிற்காததைக் கேலி செய்வதும் ஒரே பகுத்தறிவின் இரண்டு வேலைகளாகும். ஆகவே, மருந்தை விட்டு மேடைக்குப் போ என்று நாம் சொல்லவில்லை. மருந்தும் சாப்பிடு, மேடைக்கும் போ என்றே சொல்லுகிறோம்.

அன்றியும், கலை வியாதியைத் தீர்த்துவிடும் என்று சொல்லுகிறவர்களையும் நம்ப வேண்டாம். அதுவும் ஒருவித விபூதி மந்திரம்தான். காத்லீன் ஃபெரியர் என்ற இங்கிலாந்துப் பெண்மணியின் கதையே அதற்குச் சாட்சி. அவர் பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தபாலாபீஸ் டெலிபோன் வேலைக்குப் போனவர். 1937ல் ஒரு சங்கீதப் போட்டியில், புருஷன் கட்டிய ஒரு ஷில்லிங் பந்தயத்துக்காகப் பாடி வெற்றி பெற்று, அதிலிருந்து உலகப் புகழ் பெற்ற பாடகியானவர். 1951ல் மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் செய்துகொண்டார், பாட்டையும் விடவில்லை. 1953 பிப்ரவரியில் லண்டன் காவென்ட் கார்டன் அரங்கில் "ஆர்ஃபியுஸ்" இசை நாடகம். இரண்டாம் நாள் ஆட்டத்தில், மேடையிலேயே அவர் தொடை எலும்பு முறிந்தது. சபையோருக்குத் தெரியாமல், நின்றபடியே கடைசி வரையில் பாடி முடித்தார். அதுவே அவருடைய கடைசி மேடை. அவ்வருஷம் அக்டோபரில், நாற்பத்தொரு வயதில் இறந்தார்.

பாட்டு அவரைக் காப்பாற்றவில்லை. நாடகம் மோலியேரைக் காப்பாற்றவில்லை. ஆனால், மேடைக்குப் போகாமல் கட்டிலில் கிடந்திருந்தால் மாத்திரம் பிழைத்திருப்பார்களா? அதுவும் இல்லை. முடிவு ஒன்றுதான் என்கிறபோது, நடுவில் இருக்கும் நாட்களில் ஒரு மனிதன் தன் மனிதத்தன்மையோடு இருப்பதா, அல்லது பிணத்துக்கு ஒத்திகை பார்ப்பதா என்பதே கேள்வி. மேல் உலகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்புகிறவன் இந்த உலக ஆசையைத் தள்ளி வைக்கட்டும். மேல் உலகத்தைக் கண்டவன் எவனுமில்லை என்று அறிந்த நாம் எதற்காகத் தள்ளி வைப்பது?

மோலியேரும் ஃபெரியரும் தங்கள் ஆசையை முன்னமேயே அனுபவித்தவர்கள். நமது வீடுகளில் இருக்கும் நோயாளியோ, பிள்ளை குட்டிகளுக்காகவும் ஊர் வாய்க்குப் பயந்தும் அந்த ஆசையை நாற்பது வருஷம் பெட்டியில் பூட்டி வைத்தவன். பெண்ணாயிருந்தால் பூட்டு இரட்டிப்பு. அவர்களைவிட இவனுக்கும் இவளுக்குமல்லவா பாத்தியதை அதிகம்?

ஆகையால், உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் வாய் திறந்து கேட்டால், முதலில் ஜோசியனிடம் ஓடாதீர்கள். வைத்தியரிடம் போய், "இவர் எவ்வளவு நேரம் நிற்கலாம், எவ்வளவு நேரம் பாடலாம்?" என்று கேளுங்கள். பரிகாரத்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, ஒரு ஆர்மோனியத்துக்கும் ஒரு திரைக்கும் வாடகை கொடுங்கள். பிறகு முன் வரிசையில் போய் உட்கார்ந்து கேளுங்கள்.

மோலியேருக்குக் குழி மறுத்த பாதிரிகளின் பெயர் இன்று யாருக்கும் வேண்டியதில்லை. அவர் கடைசி நாள் நோயாளி வேஷத்தில் உட்கார்ந்து நடித்த நாற்காலியையோ, பாரிஸ் நகரத்துத் தேசிய நாடக மன்றத்தார் இன்றும் பத்திரமாய் வைத்துப் பாதுகாத்து வருகிறார்கள்.