இசைக்கருவி கடைச்சரக்கா?

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்னும் நால்வகைப் பாகுபாட்டைத் தடையின்றி ஒப்புவிக்கும் சங்கீத மாணவரை இந்நாட்டின் தமிழ்ப் பாடசாலைகளில் எங்கும் காணலாம். வெறும் போத்தலொன்றை அவர் முன் வைத்து, இதனுள் நீர் வார்த்துத் தட்டினால் ஒலி உயருமா தாழுமா என்று வினவின் விடை கிடைப்பது அரிது. இசைக்கருவி என்பது கடையில் வாங்கப்படுவது, அன்றேல் தஞ்சாவூரிலிருந்து தருவிக்கப்படுவது. வாங்க இயலாதவனுக்கு அது இல்லை என்னும் எண்ணம் அத்துணை ஆழமாக வேரூன்றிவிட்டது. வீட்டுப் பொருள்களைக் கொண்டு கருவி செய்தல் என்றதும், பாலர் வகுப்புக் கைவேலை எனப் புன்னகைக்கும் இசையாசிரியரும் உளர். வறியவன் தேடிக்கொண்ட பதிலி என இரங்கும் கலாரசிகரும் உளர். முன்னவர் இசையியலை மறந்து பேசுகின்றார். பின்னவர் வரலாற்றை மறந்து பேசுகின்றார்.

வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் இடையனைக் காட்டுகின்றார். தீக்கடைகோலாற் பிறப்பித்த நெருப்பைக் கொண்டு அவன் குழலுக்குத் துளையிடுகின்றான்; அதிற் பாலைப்பண் இசைக்கின்றான். அது சலித்தவிடத்து, உட்டுளை பொருந்திய குமிழங் கொம்பில் மரல் நாரை நரம்பாகத் தொடுத்து வில்யாழ் ஒன்றை ஆக்கி, குறிஞ்சிப்பண்ணை விரலால் எழுப்புகின்றான். தீக்கடைகோல் அவனது அன்றாடக் கருவி. குமிழும் மரலும் நிலத்தில் தாமே வளர்பவை. அவன் பண்ணறியாத பாமரனாகக் காட்டப்படவில்லை என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. கருவி செய்யும் கையும் பண் உணரும் செவியும் ஒருவனிடத்தேயே இருந்தன.

காரைதீவிற் பிறந்து, 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த சுவாமி விபுலாநந்தர், 1947 இல் அரங்கேற்றிய யாழ் நூலில் இவ்வில்யாழையும் ஆராய்ந்தார். விஞ்ஞானமும் கணிதமும் கற்றவராதலின் அவர் நரம்பின் நீளத்தைக் கணித்தார். பண்டை யாழ்களைப் புதிதாகச் செய்வித்து மீட்டுவிக்கவும் செய்தார். அந்நூலின் பெயரையும் ஆண்டையும் பரீட்சைக்கென மனனஞ் செய்யும் இன்றைய தலைமுறை, ஒரு நரம்பையேனும் கட்டிப் பார்த்ததுண்டா?

கச்சேரி மேடையே இவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகின்றது. கடம் என்பது பானை. இன்று மானாமதுரையில் அது கச்சேரிக்கெனத் தனித்து வனையப்படுகின்றதாயினும், பானையின் ஒலியை முதலில் எவரோ கேட்டிராவிடின் அவ்வனைதலுக்கு இடமேயில்லை. ஜலதரங்கம் என்பது நீர் வார்த்த பீங்கான் கிண்ணங்கள். இலங்கை வேந்தன் இராவணன் வீணை வல்லவன் என்று பெருமை பேசுவோர், அவன் பெயரால் இராஜஸ்தானில் வழங்கும் இராவணஹத்தாவின் குடம் தேங்காய்ச் சிரட்டையே என்பதை அறிவார்களோ தெரியவில்லை. கிண்ணத்தைத் தட்டுபவர் வித்துவான். பிஸ்கற் பேணியைத் தட்டும் சிறுவன் குழப்படிகாரன். வேறுபாடு பொருளில் இல்லை. எந்தக் கை, எந்தச் சபையில் தட்டுகின்றது என்பதிலேயே உள்ளது. பறையைத் தோற்கருவிப் பட்டியலில் எழுதுவித்து, அதனை முழக்குபவனைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திய சமூகம் இதனை நன்கறியும்.

ஒலி எழுப்பும் உரிமை எவருக்குரியது என்னும் இவ்வினா, மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான ட்ரினிடாட்டிற் சட்டமாகவே எழுந்தது. பிரித்தானிய ஆட்சி 1884 இல் கொணர்ந்த கட்டளைச் சட்டம் அங்கு முரசறைதலை ஒடுக்கிற்று. ஆபிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்கள் மூங்கிலை வெவ்வேறு நீளங்களில் தறித்து நிலத்திற் குத்தித் தாளம் எழுப்பினர். 1930களில் பிஸ்கற் பேணியும் வர்ணத் தகரமும் குப்பைத்தொட்டி மூடியும் அவர்கள் கைக்கு வந்தன. அடிபட்டு நெளிந்த தகரம் நெளிவுக்கேற்ப வேறு ஒலி தருவதை அவர்களது செவி கண்டுகொண்டது. இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில், 55 கலன் எண்ணெய்ப் பரலின் தட்டைக் குழிவாக அடித்து, அதன்மீது சுரத்திற்கு ஓர் இடமாக வகுத்தனர். கனவான்கள் இதனை ரௌடிகளின் இரைச்சல் என்றனர். 1951 இல் அவ்விளைஞர் குழுவொன்று இலண்டன் சென்று பிரித்தானிய விழாவில் வாசித்தது. 1992 இல் அப்பரல் அந்நாட்டின் தேசிய இசைக்கருவியாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. பிரகடனத்தை வரவேற்றோருள் அக்கனவான்களின் பேரப்பிள்ளைகளும் இருந்திருப்பர்.

இத்தகைய கருவிகளுக்கு எதிராக வித்துவ உலகம் கூறும் நியாயம் ஒன்றே: சுருதி சேராது. சேராதுதான், முதல் நாளில். அதனைச் சேர்க்க முயல்வதே இசைக்கல்வி. ஒரேவகையான எட்டுப் போத்தல்களில் நீர் வார்த்துக் கரண்டியாற் தட்டும் மாணவன், நீர் கூடக்கூட ஒலி தாழ்வதைக் காண்பான். அதே போத்தல்களின் வாயில் ஊதினாலோ, நீர் கூடக்கூட ஒலி உயரும். முன்னதில் அதிர்வது கண்ணாடியும் அதனோடு சேர்ந்த நீரும். நீரின் பாரம் அதிர்வை மந்தமாக்குகின்றது. பின்னதில் அதிர்வது போத்தலுள் எஞ்சிய காற்று. இடம் குறுகக் குறுக அதன் அதிர்வு விரைவுறுகின்றது. இம்முரணிற் சிக்கி இரு நாள் மண்டையைக் குடைந்தவனுக்கு ஜலதரங்கமும் புல்லாங்குழலும் பின்னர் வெறும் பெயர்களாக இரா.

பலகையொன்றில் தங்கூசியை இழுத்துக் கட்டி, அதன் கீழே ஒரு பேணியை ஒலிக்கூடாக வைத்தாற் போதும். நீளத்திற் சரிபாதியை அதிரவிட்டால் மேற்ஸட்ஜம். மூன்றில் இரண்டு பங்கை அதிரவிட்டாற் பஞ்சமம். நான்கில் மூன்று பங்கை அதிரவிட்டால் மத்தியமம். ஸட்ஜ பஞ்சம உறவு என்று கரும்பலகையில் எழுதி மனனஞ் செய்விப்பதை, அடிமட்டத்தால் அளந்து செவியாற் சரிபார்க்கலாம். பூவரசம் இலையைச் சுருட்டி நுனியை நசுக்கிப் பிள்ளை ஊதும் பீப்பீயில் எதிரெதிரே அதிரும் இலை விளிம்புகள், நாதஸ்வரத்தின் சீவாளி செய்யும் அதே வேலையைச் செய்கின்றன. திருவிழாவில் மேளக் கோஷ்டியின் முன் வாய் பிளந்து நின்ற அப்பிள்ளைக்கு இதனை எடுத்துக்கூற ஓர் ஆசிரியர் வேண்டும், அவ்வளவே.

கைத்திறன் இல்லை என்று எவரும் கூற முடியாது. 1990களின் முற்பகுதியிற் பொருளாதாரத் தடையினால் மின்சாரமும் பற்றறியும் அற்றிருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியும் பாட்டும் கேட்டனர். பாட்டைக் கேட்பதற்கென்றே சைக்கிள் மிதித்த சமூகம், பாட்டை எழுப்பும் பொருளைச் செய்வதை மட்டும் இழிவென்று கருதுவது விந்தையே.

எனினும் இங்கு எச்சரிக்கையொன்று அவசியம். வறுமையை அழகென்று போற்றும் மனோரதியவாதிகள் மறுபுறத்தே காத்திருக்கின்றனர். பராகுவே நாட்டின் கத்தேயுராக் குப்பைமேட்டருகே, எறியப்பட்ட தகரத்தால் வயலினும் செலோவும் செய்து சிறுவர் குழுவொன்று வாசிப்பதை உலகம் வியந்தது. அப்பிள்ளைகள் குப்பைமேட்டருகே வாழ நேர்ந்தது ஏன் என வியந்தவருள் எத்தனை பேர் வினவினர்? 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் ரூபாய் வீழ்ந்து இறக்குமதிப் பொருள்களின் விலை எகிறிய இந்நாட்டிலும், சிரட்டை இருக்கின்றதே, வயலின் எதற்கு என்று கூறத் துணியும் அதிகாரிகள் தோன்றக்கூடும். தோட்டப் பாடசாலைக்கும் வன்னிப் பாடசாலைக்கும் வயலினும் மிருதங்கமும் வழங்கும் கடமையிலிருந்து அரசு தப்பிக்கொள்ள இவ்வாதம் பயன்படுமாயின், அதனை முதலில் எதிர்க்க வேண்டியவர்கள் சிரட்டையின் பக்கம் நிற்பவர்களே. பரலைச் சுருதி கூட்டிய ட்ரினிடாட் இளைஞர், குப்பைத்தொட்டி மூடியே போதும் என்று அமைந்துவிட்டவரல்லர்.

வகுப்பறை அலுமாரியில் வயலின் இருக்கட்டும், பூட்டின்றி. அதன் அருகே ஒரு தங்கூசிச் சுருளும், இரண்டு பேணிகளும், எட்டுப் போத்தல்களும், ஓர் அடிமட்டமும் இருக்கட்டும். பாடத்திட்டம் வகுப்போர் இப்பின்னவற்றின் செலவைக் கணக்கிட்டுப் பார்த்து, ஒரு தவணையில் நான்கு பாடவேளைகளையேனும் இவற்றுக்கு ஒதுக்க ஏன் இயலாது என்பதை எழுத்தில் தெரிவிப்பார்களாக.