ஆர்க்கிட் மலைக்கு மட்டுமா சொந்தம்?

"ஆர்க்கிட்டா? அதெல்லாம் ஊட்டி, கொடைக்கானல் செடி சார். நம்ம வெயிலுக்குத் தாங்காது." செடி வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் ஒருவராவது இதைச் சொல்வார், மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். விற்கிற நர்சரிக்காரரே சொல்லியும் கேட்டிருக்கிறேன். செடி செத்தால் பழி வெயில் மேல் போய்விடும், அவருக்கு வசதிதான்.

சரி, உலகச் சந்தைக்கு ஆர்க்கிட் பூ எங்கிருந்து வருகிறது? பெருமளவு தாய்லாந்திலிருந்து. பாங்காக்கைச் சுற்றியுள்ள சமவெளியில், வாய்க்கால் வெட்டிய தாழ்நிலத்தில், கறுப்பு நிழல்வலைக்குக் கீழே டென்ட்ரோபியம் வரிசை வரிசையாக வளர்கிறது. சென்னைக்காரருக்கு அந்த ஊரின் வெயிலும் புழுக்கமும் புதிதாக இருக்காது. நம் கல்யாண மேடைகளிலும் பூங்கொத்துகளிலும் இருக்கிற ஊதாவும் வெள்ளையும் கலந்த பூ அந்தக் குடும்பத்துச் சோனியா ரகம்தான். அதன் கீழே உட்கார்ந்து வேர்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, ஆர்க்கிட் குளிர்ப்பிரதேசச் செடி என்று பேசுகிறோம்.

சிங்கப்பூரைப் பாருங்கள். 1893இல் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில் பூத்த கலப்பின வாண்டா, 1981இல் அந்த நாட்டின் தேசிய மலரானது. ஒரு கம்பை நட்டுக் கட்டிவிட்டால் முழு வெயிலில் ஏறிக்கொண்டே போகிற செடி அது. நிழலில் வைத்தால்தான் பூக்க மறுக்கும்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். வாண்டா டெசல்லேட்டா என்ற ஆர்க்கிட் நம் வறண்ட காடுகளிலும் மலையடிவாரங்களிலும் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு தானாக வளர்கிறது. மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் போட்ட இதழ், ஊதா நாக்கு, நல்ல வாசனை. இதைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் புல்லுருவி என்று நினைத்து வெட்டிப் போடுகிறார்கள். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும்; இது மரத்தில் உட்கார மட்டும் செய்கிறது. சித்திரை வெயிலை நம் மாமரத்தோடு சேர்ந்து தாங்குகிற செடியை "தாங்காது" என்று சொல்ல நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

கற்றுக்கொடுத்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கே பணக்காரர்களுக்கு ஆர்க்கிட் பைத்தியம் பிடித்தது. வெப்பநாட்டுச் செடி என்றால் காட்டுப் புழுக்கம் வேண்டும் என்று எண்ணி, கண்ணாடி வீட்டை இழுத்து மூடி, நிலக்கரி எரித்து வேகவைத்தார்கள். செடிகள் ஆயிரக்கணக்கில் செத்தன. சாட்ஸ்வர்த் மாளிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஜோசப் பாக்ஸ்டன் போன்றவர்கள் 1830களில் காற்றோட்டம் கொடுத்துப் பார்த்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. வந்து சேருவதற்குள் செத்தவை வேறு. 1850இல் காசி மலையில் ஜோசப் ஹூக்கர் ஏழு ஆள் சுமை நீல வாண்டாவைச் சேகரித்து அனுப்பினார். உயிரோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தவை சில. ஆர்க்கிட் என்றால் சீமாட்டிபோல் தாங்க வேண்டும், கண்ணாடி வீடு வேண்டும், கை நிறையப் பணம் வேண்டும் என்ற பேச்செல்லாம் அங்கே கிளம்பியது. குளிர்நாட்டுக்காரனுக்கு அது நியாயமான கவலை. மொட்டைமாடியில் வெயில் கொட்டிக் கிடக்கிற நமக்கு அதில் என்ன வேலை?

விலை பற்றிய பயமும் அந்தக் காலத்துச் சரக்குதான். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், உள்ளே சேமித்த உணவு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சையின் தயவில்தான் முளைக்கும். 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைத்துக் காட்டினார். 1960இல் பிரான்சின் ஜார்ஜ் மொரெல் குருத்துத் திசுவிலிருந்து செடிகளைப் பெருக்கும் வழியைக் காட்டினார். இன்று நர்சரியில் நிற்கிற செடி பெரும்பாலும் ஆய்வுக்கூடப் புட்டியில் பிறந்தது; அந்தக் காலத்து விலைக்கு இன்று காரணம் இல்லை.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, மறைப்பானேன். வாங்கி வைத்தது செத்துப் போயிருக்கும், அல்லது ஒருமுறை பூத்ததோடு சரி. ஆனால் அவர்கள் வாங்கியது எது? பத்துக்கு எட்டுப் பேர் ஃபெலனாப்சிஸ்தான் வாங்கியிருப்பார்கள்: பட்டாம்பூச்சி மாதிரி அகன்ற இதழோடு, ஜிகினாத் தாள் சுற்றிப் பரிசுக் கடையில் நிற்குமே, அது. வெளிநாட்டுப் புத்தகம் எதை எடுத்தாலும் புதிதாக வளர்ப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சிபாரிசு செய்யும். ஹாலந்தில் இதைச் சுமார் 28 டிகிரி வெப்பத்தில் இலை வளர்த்து, பிறகு 20 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இறக்கிப் பூக்காம்பு வர வைக்கிறார்கள். சென்னையிலோ திருச்சியிலோ வருஷத்தில் எத்தனை ராத்திரி அப்படிக் குளிர்கிறது? மார்கழி, தையில் ஒரு காம்பு எட்டிப் பார்த்தால் உண்டு. செடி சாகாது, இலை விட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் தனக்குக் கைராசி இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். கடைகளில் விற்கிற சிம்பிடியம் இன்னும் மோசம். அது நிஜமாகவே மலைச்செடி, சமவெளியில் பூவை எதிர்பார்க்கவே வேண்டாம். இந்த இரண்டையும் வைத்து மொத்தக் குடும்பத்துக்கும் தீர்ப்பு எழுதுகிறார்கள். ஏறக்குறைய 28,000 இனங்கள் உள்ள குடும்பம் அது!

சமவெளிக்கு எளிது டென்ட்ரோபியம். அதற்கடுத்து மொகாரா, வாண்டா வகைகள். இவற்றையும் கொல்ல முடியும், அதற்கு நாம் வைத்திருக்கிற ஆயுதங்கள் இரண்டு: மண், தண்ணீர். ஆர்க்கிட் வேரைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? காய்ந்திருக்கும்போது வெள்ளி பூசியது போலிருக்கும். தண்ணீர் பட்ட சில நொடிகளில் பச்சையாக மாறும். மேலே பஞ்சு மாதிரி ஓர் உறை. மழைத் தண்ணீர் வழிந்தோடுவதற்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு அது காய வேண்டும், காற்றுப் பட வேண்டும். இதைச் செம்மண்ணில் புதைத்து, காலையும் மாலையும் பக்தியோடு சொம்பு சொம்பாக ஊற்றினால் இரண்டு வாரத்தில் வேர் கொழகொழவென்று கையோடு உருவிக்கொண்டு வரும். தேங்காய் நார்த்தூளும் ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கும். மண்ணுக்குச் சற்று நாகரிகமான மாற்று, முடிவு அதேதான். பக்கமெல்லாம் துளை போட்ட சட்டி, அடுப்புக்கரித் துண்டு, உடைந்த ஓடு, கொஞ்சம் தேங்காய் மட்டை போதும். வேர் வெள்ளியாகத் தெரிந்தால் காலையில் தண்ணீர், பச்சையாக இருந்தால் சும்மா இருங்கள்.

இன்னொரு கொலை நல்லெண்ணத்தில் நடக்கிறது. பூத்து முடிந்த டென்ட்ரோபியத்தின் பழைய தண்டு இலையுதிர்ந்து, சுருங்கி, செத்த குச்சி போல நிற்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று கத்தரியை எடுத்து விடுகிறார்கள். அந்தத் தண்டில்தான் செடி தண்ணீரையும் உணவையும் சேமித்து வைத்திருக்கிறது. அதிலிருந்தே மறுபடி பூக்கும், கணுவில் குட்டிகூடப் போடும். பழுப்பேறி உள்ளே கூடாகிப் போனதை மட்டும் வெட்டினால் போதும்.

வெளிச்சத்துக்கு இலையைப் பாருங்கள். கரும்பச்சையாகத் தளதளவென்று இருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம், பூ வராது. லேசாக மஞ்சளோடிய பச்சைதான் சரி. ஏசி ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஏன் பூக்கவில்லை என்று கேட்காதீர்கள். காலை வெயில் விழுகிற பால்கனி அல்லது மாடியில் பாதி நிழல் தரும் வலை, வாரம் ஒருமுறை லிட்டருக்கு ஒரு கிராம் 19-19-19 உரம். நத்தை வரும், மாவுப்பூச்சி வரும். செம்பருத்திக்கு வராததா?

எனக்கு ஆச்சரியம் ரோஜா விஷயத்தில்தான். வருஷா வருஷம் ரோஜாச் செடி வாங்குகிறோம், கோடையில் அது குச்சியாகிறது, அடுத்த வருஷம் இன்னொன்று வாங்குகிறோம். ரோஜா நம் ஊருக்கு ஆகாது என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆர்க்கிட் ஒன்று செத்தால் போதும், பரம்பரைக்கே தடை.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்ல இவ்வளவுதான். காட்டு மரத்திலிருந்து பிய்த்து வந்து விற்கிறவரிடம் வாங்காதீர்கள். நர்சரியில் பூ அதிகமாக உள்ள செடியை விட்டுவிட்டு, அடியில் புதுத்தளிர் விட்டிருக்கும் செடியைத் தேடுங்கள். தண்டைப் பிடித்து மெல்ல அசையுங்கள். சட்டிக்குள் ஆடினால் வேர் போய்விட்டது, வைத்துவிடுங்கள். "கொஞ்சம் செம்மண்ணும் எருவும் போட்டு மாத்தித் தரேன், காசு வேணாம்" என்று கடைக்காரர் கையை நீட்டினால், செடியைக் கொடுத்துவிடாதீர்கள்.