பாதியில் நின்ற கோபுரம்

திருவாலங்காடு வடாரண்யேசுவரர் கோவிலுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு சிறுவன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"அப்பா, இதுக்கு உள்ளே என்ன இருக்கும்?" என்று கேட்டான்.

"இருட்டுதான் இருக்கும், வாடா" என்று அப்பா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பையனுக்குப் பதில் மதுரையில் இருக்கிறது.

மீனாட்சி அம்மன் கோவிலுக்குக் கிழக்கே, புதுமண்டபத்தைத் தாண்டினால் ராயகோபுரம். திருமலை நாயக்கர் தொடங்கிய வேலை. அவர் 1659-ல் காலமானார். கோபுரம் முடியவே இல்லை. கல்லால் ஆன அடிப்பகுதி மட்டும் நிற்கிறது. வாசலின் நிலைக்கால்களைப் பார்த்தால் கழுத்து வலிக்கும், அத்தனை உயரம்! அவற்றின் மேல் கொடியும் இலையுமாகச் செதுக்கல். அதற்கு மேல்? வானம்தான்.

(மதுரைக்காரர்கள் மொட்டைக் கோபுரம் என்று சொல்வது வேறு. அது கோவிலின் வடக்குக் கோபுரம்.)

முடிந்த கோபுரத்தில் நம் கண் சுதைப் பொம்மைகளின் மேலும் வர்ணத்தின் மேலும் போய்விடும். ராயகோபுரத்தில் அப்படி இல்லை. கோபுரத்துக்குக் கீழே கருங்கல். மேலே பாரம் குறைய வேண்டும் என்று செங்கல், சுண்ணாம்பு, சுதை. அந்த மேல் வேலை இங்கே நடக்கவில்லை. அதனால் அஸ்திவாரக் கட்டின் கனமும், சிற்பியின் உளி வேலையும் மறைப்பு இல்லாமல் தெரிகின்றன.

"இதையும் கட்டி முடித்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு.

கேட்பதில் தப்பில்லை. ஸ்ரீரங்கத்தில் முடித்தார்களே! தெற்கு ராஜகோபுரம் நானூறு ஆண்டுகளுக்கு மேல் அடித்தளத்தோடு நின்றது. அகோபில மடம் 44-வது பட்டம் ஜீயர் சுவாமிகள் முன்னின்று முடித்தார். 13 நிலை, 236 அடி. 1987 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. ஊர் ஊராக மக்கள் பணம் கொடுத்தார்கள். கோவிலுக்குள் நுழையும் தலைவாசல் அது. முடித்தது சரிதான்.

கடல் கடந்தும் ஒரு கதை உண்டு. தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டென்மார்க்காரர்களை நமக்குத் தெரியும். அவர்கள் தலைநகர் கோபன்ஹேகனில், ஐந்தாம் பிரெடரிக் மன்னர் 1749-ல் ஒரு பெரிய சலவைக்கல் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். செலவு தாங்கவில்லை. 1770-ல் வேலையை நிறுத்திவிட்டார்கள். நகரின் நடுவே சுவர்கள் பாழாய் நின்றன.

ஊருக்கு வெட்கம் என்று யாரும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பிரடெரிக் சோட்ரிங் என்ற ஓவியர் 1835-ல் அந்தப் பாழடைந்த தேவாலயத்தையே படமாகத் தீட்டினார். பிறகு டீட்கென் என்ற செல்வந்தர் பணம் போட, 1894-ல் கட்டடம் முடிந்தது. ஆனால் முதலில் போட்ட திட்டம் அப்படியே வரவில்லை. சலவைக்கல் போதாமல் சுண்ணாம்புக்கல்லையும் வைத்தார்கள். பழைய சுவர்கள் எப்படி இருந்தன என்பதை இன்று சொல்ல அந்தப் படம் இருக்கிறது.

ராயகோபுரத்தைக் கட்டி முடிக்க வேண்டாம் என்பதே என் கட்சி. மீனாட்சி அம்மன் கோவிலுக்கு நான்கு திசையிலும் வானளாவிய கோபுரங்கள் இருக்கின்றன. ஐந்தாவது வந்து நிறைய வேண்டிய குறை எதுவும் அங்கே இல்லை. திருமலை நாயக்கர் மனத்தில் இருந்த கோபுரம் எது என்று யாருக்குத் தெரியும்? நாம் சிமெண்டால் எழுப்புவது நம் கோபுரமாக இருக்குமே தவிர, அவருடையதாக இராது.

வேண்டாம் என்றால் கவனிக்காமல் விடுவது என்று அர்த்தம் இல்லை. நெடுங்காலம் கடைகளுக்கு நடுவே சிக்கிக் கிடந்த இடம் அது. செதுக்கிய கல்லில் ஆணி அடிக்கக் கூடாது. கயிறு கட்டி மூட்டை தொங்கவிடக் கூடாது. ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்து, அளந்து எழுதி வைக்க வேண்டும். யார் தொடங்கியது, ஏன் நின்றது என்று நல்ல பெரிய எழுத்தில், எட்டு வயதுப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கும்படி ஒரு பலகை வைக்க வேண்டும்.