கணக்கில் வராத மக்

"வீட்டிலிருந்தபடியே கை நிறைய சம்பாதிக்கலாம்!" என்று ஆரம்பிக்கும் அந்த வீடியோவைப் பார்க்காத கல்லூரி மாணவர் இப்போது ரொம்பக் குறைவு. வெள்ளை மக் ஒன்றை எடுப்பார்கள். படம் அச்சடித்த தாளை அதைச் சுற்றி ஒட்டி மெஷினுக்குள் வைப்பார்கள். மூன்று நிமிஷத்தில் 'பீப்' சத்தம். தாளை உரித்தால் உள்ளே ஒரு குழந்தை பளபளவென்று சிரிக்கும். அடுத்த வசனம் எல்லா வீடியோவிலும் ஒன்றேதான். "மக் 65 ரூபாய், மையும் தாளும் 8 ரூபாய், விற்பது 150 ரூபாய். மீதியெல்லாம் லாபம்!"

அந்த 'மீதியெல்லாம்' என்ற வார்த்தையைப் பற்றித்தான் இங்கே பேச்சு. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவர்கள்கூட இதைக் கேட்டதும் படித்ததையெல்லாம் மறந்துவிட்டு, அம்மாவின் வளையலை அடகு வைத்து மெஷின் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். மெஷின் விற்பவருக்கு அன்றைக்கே லாபம். வாங்கியவருக்கு எப்போது என்று கேட்டால் பதில் இல்லை.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். கற்பூரத்தைத் திறந்து வைத்தால் அது உருகி ஓடுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு போய்விடும். திடப்பொருள் திரவமாகாமல் நேராக ஆவியாவதைப் பள்ளியில் 'பதங்கமாதல்' என்று படித்திருப்போம். சப்ளிமேஷன் பிரிண்டிங்கும் அதே கதைதான். தனி வகைச் சாயம் கலந்த மையால் சாதாரணத் தாளைப் போன்ற ஒரு தாளில் படத்தை இடம் வலமாகத் திருப்பி அச்சடிக்கிறார்கள். பிறகு ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி சூட்டில் அழுத்திப் பிடிக்கிறார்கள். சாயம் ஆவியாகி, சூட்டில் இளகியிருக்கும் பாலியெஸ்டருக்குள் புகுந்துகொள்கிறது. ஆறியதும் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. மேலே ஒட்டிய படமாக இல்லாததால் உரிந்து வராது. 1957ல் பிரான்ஸில் நோயல் தெ பிளாஸ் என்பவர் இந்த வழியைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய வார்த்தை பாலியெஸ்டர். களிமண் மக்குக்கும் பாலியெஸ்டருக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை! அதனால்தான் இதற்கென்று விற்கும் மக்கின் மேல் பாலிமர் பூச்சு ஒன்று ஏற்கெனவே பூசப்பட்டிருக்கும். படம் பதிவது அந்தப் பூச்சில்தான். பாத்திரக் கடையில் வாங்கிய சாதா மக்கை மெஷினில் வைத்தால் ஒன்றும் வராது. பூச்சு நன்றாக இருந்தால் படம் வருஷக்கணக்கில் நிற்கும். மட்டமாக இருந்தால், சபீனா போட்டுக் கம்பி நாரால் நாலு முறை தேய்த்ததும் குழந்தையின் சிரிப்பு மங்கிவிடும். (சூடாகக் காபி ஊற்றினால் படம் தெரியும் கறுப்பு 'மேஜிக்' மக்கும் உள்ளே வெள்ளைதான். மேலே இருக்கும் கறுப்புப் பூச்சு சூட்டில் நிறமிழந்து வழிவிடுகிறது, அவ்வளவே.)

பிரிண்டர் விஷயத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. எப்சன் வகை பிரிண்டர்களில் மை அழுத்தத்தால் தள்ளப்படுகிறது. வேறு பல பிரிண்டர்களில் சூட்டால் தள்ளப்படுகிறது. சூடு பட்டால் ஆவியாகிற மையை அந்த மாதிரி பிரிண்டரில் ஊற்றுவது வம்பு. ஆகவே பெரும்பாலானவர்கள் எப்சன் இங்க் டேங்க் பிரிண்டர் ஒன்றைப் புதிதாக வாங்கி, அதில் வெளி மையை ஊற்றி ஆரம்பிக்கிறார்கள். ஊற்றிய நிமிஷமே வாரண்டி போயிற்று. இதையும் வீடியோவில் யாரும் சொல்வதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம்.

மக்கில் என்னவெல்லாம் தவறலாம் என்று ஒரு பட்டியல் போட்டால் நீளும். தாள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் முகம். கைப்பிடி ஓரத்தில் சூடு சரியாகப் படாமல் வெளுப்பு. மழைக்காலத்தில் தாள் ஈரம் வாங்கியிருந்தால் புள்ளிகள். நேரம் கூடிவிட்டால் கறுப்பு முடி செம்பட்டையாகிவிடும். சாயங்காலம் வோல்டேஜ் குறைந்தால் மெஷின் சூடேறவே தனி நேரம். எல்லாம் சரியாக வந்த பிறகு, 'கீர்த்தனா'வில் ஒரு கால் விட்டுப்போனதைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவார். தப்பு யாருடையது என்று வாட்ஸப்பில் சண்டை போட்டால் அடுத்த ஆர்டர் வராது, புது மக் போட்டுத் தரவேண்டியதுதான்.

இதற்குப் பாடப்புத்தகத்தில் அழகான பெயர் இருக்கிறது. இயல்பான இழப்பு! எந்தத் தொழிலிலும் தவிர்க்க முடியாமல் கொஞ்சம் வீணாகும், அந்தச் செலவை நல்ல சரக்கின் விலைமேல் ஏற்ற வேண்டும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருப்போம். வீணான பொருளைப் பழைய விலைக்கு விற்றால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருப்போம். வேறு யாரோ ஒருவரின் கல்யாணப் படம் கோணலாகப் பதிந்த மக்கை எந்தப் பழைய விலைக்கு விற்பது? வீட்டில் பேனா ஸ்டாண்டாகவோ, மணி பிளாண்ட் வைக்கவோதான் ஆகும்.

ஒரு மாதத்துக்கு 100 மக் என்று வைத்து ஒரு கணக்குப் போடலாம். இது உதாரணக் கணக்குதான், ஊருக்கு ஊர் எண்கள் மாறும். மக் 65, மையும் தாளும் டேப்பும் 8, கரண்ட் 2, அட்டைப்பெட்டி 15. ஆக 90 ரூபாய். விற்பது 150. ஒரு மக்குக்கு 60, நூறுக்கு 6,000 ரூபாய். வீடியோ இங்கே முடிந்துவிடும்.

நூற்றுக்கு 8 கெடுகிறது என்றால், 100 நல்ல மக் கொடுக்க 109 மக் போட வேண்டும். பெட்டி நீங்கலாக 9 மக்குக்கு 75 வீதம் 675 ரூபாய். கூரியரில் 3 உடைந்து போய், மறுபடி மக்கும் அனுப்பும் செலவுமாக ஒன்றுக்கு 150 வீதம் 450. பத்து நாள் பிரிண்டரைச் சும்மா வைத்தால் ஹெட் அடைத்துக்கொள்ளும், அதைச் சுத்தம் செய்யவே மை குடிக்கும். அதற்கும் ரிப்பேருக்குமாக 500. பிரிண்டரும் பிரஸ்ஸும் சேர்ந்து 30,000 ரூபாய், மூன்று வருஷம் உழைக்கும் என்றால் நேர்க்கோட்டு முறையில் தேய்மானம் மாதம் 833. இவற்றைக் கூட்டினால் 2,458. மிச்சம் 3,542 ரூபாய்.

இப்போது நேரம். படத்தைக் கேட்டு வாங்கி, மங்கலான படத்தைச் சீர் செய்து, மாதிரி அனுப்பி, "அந்தப் பூவை மட்டும் எடுத்துடுங்க" என்பதைக் கேட்டு, அச்சடித்து, பேக் செய்து, கூரியர் ஆபீஸ் போய் வர ஒரு மக்குக்கு 40 நிமிஷம் என்றால், நூறுக்கு ஏறக்குறைய 67 மணி நேரம். மணிக்கு 53 ரூபாய் வருகிறது. பரவாயில்லை, படிக்கும் பையனுக்கு இது போதும் என்று சொல்லலாம். சரி.

ஆனால் அதே தெருவில் இன்னொருவர் அதே வீடியோவைப் பார்த்திருக்கிறார். அவர் 120க்குத் தருகிறார். இவரும் 120க்கு இறங்கினால் மாத மிச்சம் 542 ரூபாய். மணிக்கு 8 ரூபாய்! மூன்றாமவர் '99 ரூபாய் ஆஃபர்' போடுகிறார். அதற்கும் இறங்கினால் மாதம் 1,558 ரூபாய் கைநஷ்டம். அடகு வட்டியை இன்னும் சேர்க்கவே இல்லை.

99 ரூபாய்க்கு விற்பவர் ஏமாற்றுக்காரர் இல்லை. மக்குக்கும் மைக்கும் கொடுத்த பணம் போக கையில் ஏதோ மிஞ்சுகிறது, அதை லாபம் என்று நம்புகிறார். கெட்ட மக்கை எண்ணவில்லை, தேய்மானத்தை எண்ணவில்லை, தன் கூலியை எண்ணவே இல்லை. ஒரு வருஷம் கழித்து பிரிண்டர் படுத்துக்கொள்ளும்போதுதான் புது பிரிண்டருக்குக் காசு இல்லை என்று தெரியவரும். அதற்குள் அந்த ஊரில் மக் என்றால் 99 ரூபாய் என்று பழக்கிவிட்டிருப்பார். அவர் கடையை மூடின பிறகும் அந்த விலை போகாது. இந்தத் தொழிலுக்கு நடக்கிற பெரிய கெடுதல் இதுதான். மொத்தமாக ஆயிரக்கணக்கில் போடும் பெரிய கம்பெனிகள் மேல் பழி போடுவது சுலபம். பாதிப் பழி கணக்கெழுதாத சின்னக் கடைகள் மேலும் இருக்கிறது.

டி-ஷர்ட் இன்னொரு தலைவலி. திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது, காட்டன் பனியன் துணிக்குப் பஞ்சமில்லை, அடித்துத் தள்ளலாம் என்று நினைப்பவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்தச் சாயத்துக்குப் பருத்தியைப் பிடிக்காது. அச்சடித்த அன்று ஏதோ தெரியும், நாலு தடவை துவைத்தால் வெளுத்துவிடும். பாதி பாலியெஸ்டர் கலந்த துணியில் அந்தப் பாதியில் மட்டும் சாயம் நிற்கும், படம் பழசு போலத் தெரியும். தவிர, இதில் வெள்ளை மை கிடையாது. படத்தில் தெரியும் வெள்ளை, துணியின் வெள்ளைதான். ஆகவே கறுப்புத் துணியில் எதுவும் தெரியாது. கறுப்புக் காட்டன் டி-ஷர்ட்தான் வேண்டும் என்று கேட்பவருக்கு ஸ்கிரீன் பிரிண்டிங்கோ, வெள்ளை மையோடு பிலிமில் அச்சடித்து ஒட்டும் டிடிஎஃப்போதான் சரி.

நேர்மையான கடைக்காரர் இதைச் சொல்லி ஆர்டரைத் திருப்பி அனுப்புவார். பலர் அனுப்புவதில்லை. 'காட்டன் ஃபீல்' என்று ஒரு பெயர் சொல்லி முழு பாலியெஸ்டரை விற்கிறார்கள். மே மாதம் மதுரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நிற்பவருக்குத்தான் அந்த ஃபீல் என்ன என்று தெரியும் :-) பாலியெஸ்டர் கெட்ட துணி என்பதல்ல இங்கே வாதம். விளையாட்டு ஜெர்சிக்கு அதுதான் சரியான துணி, சீக்கிரம் காய்கிறது. இந்த முறையில் சாயக் கழிவுநீர் கிட்டத்தட்ட இல்லை என்பதும் பெரிய விஷயம். 2011ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும், நொய்யல் பட்ட பாட்டையும் நினைத்தால் இதன் அருமை தெரியும். ஆனால் வாங்குபவர் எந்தத் துணிக்குக் காசு கொடுக்கிறார் என்பதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டும்.

சட்டமும் கொஞ்சம் இருக்கிறது. விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று வீடியோவில் சொல்வது தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்கும்வரை சரி. பெங்களூரில் இருக்கும் அக்காவின் தோழிக்கு ஒரு மக் விற்று அனுப்பினாலும் அது வெளி மாநில விற்பனை, அதற்கு விற்றுமுதல் வரம்பெல்லாம் கிடையாது, பதிவு வேண்டும். அப்புறம் நடிகர் படம், கிரிக்கெட் அணி லோகோ. எல்லோரும் போடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவர் பெயரையும் உருவத்தையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று 2015ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது ஒரு சினிமாப் படத் தயாரிப்பு நிறுவனத்துக்கு எதிராக. அணி லோகோவுக்கு டிரேட்மார்க் சட்டம் தனியாக இருக்கிறது. சின்னக் கடையை யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம் ஆன்லைனில் படம் போட்டு விற்கும்போது செல்லாது.

அப்படியானால் இந்தத் தொழிலே வேண்டாமா? வேண்டும். யார் இதில் நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும். காதலர் தினம், நண்பர்கள் தினம், ஃபேர்வெல் என்று சீசனுக்கு ஒற்றை மக் விற்பவர்கள் திணறுகிறார்கள். ஊர்க் கபடி அணிக்கும் கிரிக்கெட் அணிக்கும் ஜெர்சி போடுபவர்கள் நிற்கிறார்கள். காரணம் புரியாததல்ல. ஒரே டிசைன், பெயரும் நம்பரும் மட்டும் மாறும். டிசைன் நேரம் பதினைந்து ஜெர்சிக்குப் பங்கு பிரியும். துணி பாலியெஸ்டர்தான் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அடுத்த வருஷம் அதே அணி திரும்ப வரும், பக்கத்து ஊர் அணியும் பார்த்துவிட்டு வரும்.

இதற்கு மெஷின்கூட முதலில் வேண்டாம். பிரிண்ட் செய்து மட்டும் கொடுக்கும் ஜாப் ஒர்க் கடைகள் இருக்கின்றன. முதல் ஐம்பது ஆர்டரை அங்கே கொடுத்து வாங்கலாம். லாபம் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் கெட்டது அவர் கணக்கு. அந்த ஐம்பதில் எத்தனை பேர் இரண்டாம் முறை வருகிறார்கள், எத்தனை பேர் 150 ரூபாயைக் கேட்டதும் பதில் போடாமல் போகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், வளையலை எடுப்பதா வேண்டாமா என்பதை அந்த நோட்டைப் பார்த்து அம்மாவே சொல்லிவிடுவார்.