மாண்டாரை எண்ணிய ஏடுகள்

அளவிட முடியாத பெருமையைச் சொல்ல வந்த வள்ளுவர், உலகில் இதுகாறும் மாண்டவர்களைக் கணக்கிட முயல்வதை அதற்கு உவமையாக்கினார். ஆயினும் அந்தக் கணக்கை ஓரளவேனும் எடுத்தே தீரவேண்டிய நிர்ப்பந்தம் சில சமூகங்களுக்குச் சில காலங்களில் நேர்ந்துவிடுகிறது. யாருடைய மரணத்தை அரசாங்கம் பொருட்படுத்துவதில்லையோ, யாருடைய மரணத்தைப் பெரும்பத்திரிகைகள் செய்தியாகக் கருதுவதில்லையோ, யாருடைய மரணத்தின் காரணத்தைச் சொந்தக் குடும்பமே வெளியில் சொல்லக் கூசுகிறதோ, அவர்கள் தம் கணக்கைத் தாமே எடுக்காவிட்டால், அவர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கும் சான்று இல்லாமற்போகும். 1980-களிலும் 1990-களின் முற்பகுதியிலும், எய்ட்ஸ் நோய் அமெரிக்க நகரங்களைச் சூறையாடிய காலத்தில், தன்பால் ஈர்ப்புடைய கறுப்பின ஆண்களும் பெண்களும் நடத்திய சிறிய ஏடுகள் செய்த காரியம் இதுவே. சிற்றிதழ் நடத்துகிற எவரும் தம் பணியின் தர்மம் எதுவென்று தெளிந்துகொள்ள அவ்வேடுகளின் சரித்திரத்தை அறிந்திருப்பது அவசியம் என்பது நம் அபிப்பிராயம்.

கறுப்பின மக்களின் பத்திரிகை மரபு இத்தகைய காரியத்தோடுதான் வளர்ந்தது. 1827-ஆம் ஆண்டு நியூயார்க்கில் சாமுவேல் கார்னிஷும் ஜான் ரஸ்வர்மும் 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்' என்னும் பத்திரிகையைத் தொடங்கியபோது, தம் மக்களைப் பற்றிப் பிறரே பேசிவந்த நிலை ஒழிந்து, தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்க வேண்டும் என்பதையே அதன் நோக்கமாகக் கொண்டார்கள். 1892-இல் மெம்பிஸ் நகரில் மளிகைக் கடை ஒன்றைச் சேர்ந்த மூன்று கறுப்பின இளைஞர்களை வெள்ளையர் கும்பல் கொன்றபோது, 'ஃப்ரீ ஸ்பீச்' பத்திரிகையின் ஆசிரியை ஐடா பி. வெல்ஸ், இத்தகைய கொலைகளுக்கு வழக்கமாகக் கற்பிக்கப்பட்டுவந்த காரணம் பொய்யென்று பகிரங்கமாக எழுதினார். அதன் விளைவாக அவருடைய பத்திரிகை அலுவலகம் நாசமாக்கப்பட்டது. ஊருக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்னும் நிலை வந்தது. அவரோ அஞ்சி ஒடுங்காமல், கும்பல்களால் கொல்லப்பட்டவர்களின் பெயர், இடம், நாள், அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம் ஆகியவற்றை வரிசைப்படுத்தி, வெள்ளையர் பத்திரிகை ஒன்றின் புள்ளிவிவரத்தையே ஆதாரமாகக் கொண்டு, 1895-இல் நூலாக வெளியிட்டார். தம் மாண்டாரைத் தாமே எண்ணுவது, அவர்கள் மாண்டதன் மெய்யான காரணத்தை அச்சேற்றுவது என்னும் இவ்விரண்டும் அம்மரபின் மூல தர்மங்களாயின.

இந்தத் தர்மத்துக்குப் பெரும் சோதனையாக வந்தது எய்ட்ஸ். 1981 ஜூன் 5-ஆம் நாள் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்தர அறிக்கை, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து இளைஞர் ஐவரிடம் காணப்பட்ட அபூர்வமான நிமோனியாவைப் பற்றி முதன்முதலாகச் சொல்லிற்று. அதைத் தொடர்ந்து, இது வெள்ளையரான தன்பால் ஈர்ப்பு ஆண்களுக்கு வருகிற நோய் என்னும் எண்ணம் நாடெங்கும் பரவி உறைந்துவிட்டது. 1986 அக்டோபரில் அதே மையம், மக்கள்தொகையில் 12 சதவிகிதமாக உள்ள கறுப்பினத்தார் எய்ட்ஸ் நோயாளிகளில் 25 சதவிகிதமாக இருக்கிறார்கள் என்று வெளியிட்ட பிறகும் அந்த எண்ணம் எளிதில் கலையவில்லை. பெரும்பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் கறுப்பினத்தாரிடையே பரவிய நோயைப் பற்றிச் சொன்னது எவ்வளவு சொற்பம் என்பதையும், அந்தச் சொற்பத்திலும் பெரும்பங்கை மேஜிக் ஜான்சன், ஆர்தர் ஆஷ் என்னும் இரு விளையாட்டு வீரர்களின் கதையே எடுத்துக்கொண்டது என்பதையும், கேத்தி கோஹன் என்னும் அரசியல் அறிஞர் 1999-இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

பெரும்பத்திரிகைகள் பாராமுகமாக இருந்தால், சொந்தச் சமூகத்தின் ஸ்தாபனங்களாவது அந்தக் கடமையை ஏற்றிருக்க வேண்டும். அங்கேயும் தயக்கமே மேலோங்கி நின்றது. கறுப்பின மக்களுக்கு அரணாக விளங்கிய திருச்சபைகளில் பல, தன்பால் ஈர்ப்பைப் பாவமென்று போதித்துவந்தமையால், அந்நோயால் மாண்டவர்களுக்காகப் பிரார்த்திக்கும்போதும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. இதற்குப் பின்னணியில் வேறொரு அச்சமும் இருந்தது. அலபாமா மாநிலத்து டஸ்கீகியில், மேகநோய் கண்ட சுமார் 400 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை அளிக்காமல், நோயின் போக்கை அரசாங்க மருத்துவர்கள் 1932 முதல் 1972 வரை வேடிக்கை பார்த்த கொடுமை அம்மக்களின் நினைவில் ஆறாமல் இருந்தது. மருத்துவத் துறை தம்மை மீண்டும் ஒரு நோயோடு சேர்த்துப் பேசும்போது அவர்கள் சந்தேகித்தது இயல்பே. மறுபுறம், வெள்ளையரான தன்பால் ஈர்ப்பாளர்கள் நோயை எதிர்த்துத் துணிவோடு கட்டிய அமைப்புகளில் கறுப்பினத்தாருக்கு உரிய இடம் அரிதாகவே கிடைத்தது. அதே நகரங்களின் கேளிக்கை விடுதிகள் சிலவற்றில், வெள்ளையரைக் கேளாமல் உள்ளே விட்ட வாயிற்காவலர், கறுப்பினத்தாரிடம் மட்டும் இரண்டு மூன்று அடையாள அட்டைகளைக் கேட்டு நிறுத்திய காலம் அது. இரு வீட்டாருக்கும் உறவாயிருந்தும் இரு வீட்டிலும் இலை போடப்படாதவர்கள் தமக்கென்று ஏடு தொடங்கியதில் வியப்பில்லை.

வாஷிங்டன் நகரில் சிட்னி பிரிங்க்லி 1979-இலேயே 'பிளாக்லைட்' என்னும் ஏட்டைத் தொடங்கியிருந்தார். எய்ட்ஸ் என்னும் பெயரே பிறவாத காலத்தில் தோன்றிய அந்த ஏடு, நோய் வந்தபோது தன் வாசகர்களிடம் அதைப் பற்றிப் பேச ஆயத்தமாக இருந்தது. அந்நகரில் கறுப்பினத் தன்பால் ஈர்ப்பாளர்கள் கூடிக் களித்த 'கிளப்ஹவுஸ்' என்னும் நடனக்கூடத்தில் 1983-இல் அவர்களுக்கென்றே எய்ட்ஸ் பற்றிய கூட்டம் ஒன்று நடந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தம்மவர் கூடும் இடத்தில், தம்மவர் வாயால், தம்மவர் நடையில் சொல்லப்பட்டாலன்றி எச்சரிக்கை எச்சரிக்கையாகக் காதில் விழாது என்பதை அவர்கள் ஆரம்பத்திலேயே அறிந்திருந்தார்கள்.

பிலடெல்பியாவில் 'ஜியோவானிஸ் ரூம்' என்னும் புத்தகக்கடையில் வேலை பார்த்த ஜோசஃப் பீம், அங்கிருந்த நூல்களில் தம் போன்றவர்களின் வாழ்க்கை இல்லாததைக் கண்டு சலித்து, கறுப்பினத் தன்பால் ஈர்ப்பு ஆண்களின் எழுத்துகளைத் திரட்டி 1986-இல் 'இன் தி லைஃப்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். கறுப்பின லெஸ்பியன் பெண்களும் கே ஆண்களும் இணைந்து நடத்திய தேசியக் கூட்டமைப்பின் 'பிளாக்/அவுட்' இதழுக்கும் அவரே ஆசிரியரானார். மௌனத்தை உடைக்க வேண்டுமென்று பிறரை ஓயாது தூண்டிய அந்த மனிதர், தமக்கு வந்த நோயைப் பகிரங்கமாகச் சொன்னதில்லை. 1988 டிசம்பர் 27-ஆம் நாள், தம் முப்பத்துநான்காம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு, அவர் காலமானார். அவர் தொடங்கிவைத்த இரண்டாம் தொகுப்பை, அவருடைய தாயார் டோரதி பீமின் துணையோடு கவிஞர் எஸ்ஸெக்ஸ் ஹெம்ப்ஹில் நிறைவுசெய்து 1991-இல் 'பிரதர் டு பிரதர்' என்று வெளிக்கொணர்ந்தார். மகனின் காகிதங்களையும் எண்ணங்களையும் மறைக்காமல் உலகுக்குக் கொடுத்த அத்தாயின் செயலை நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம்.

அந்த 1988 டிசம்பர் மாதத்தின் துக்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 16-ஆம் நாள் பாடகர் சில்வெஸ்டர் அந்நோயால் மறைந்தார். 20-ஆம் நாள், தேசியத் தொலைக்காட்சியில் செய்தி வாசித்த முதற்கறுப்பினத்தவர் என்னும் புகழுக்குரிய மாக்ஸ் ராபின்சன் மறைந்தார். உயிரோடிருந்தவரை நோயை மறைத்த அவர், தம் மரணமேனும் தம் மக்களுக்குப் பாடமாக அமைய வேண்டுமென்று விரும்பிச் சென்றார். 27-ஆம் நாள் பீம். பன்னிரண்டு நாட்களுக்குள் மூவர். அவ்வாண்டின் இறுதியிலேதான் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆலன் பெல் 'பி.எல்.கே.' என்னும் செய்தி மாத இதழைத் தொடங்கினார். செய்தித்தாள் காகிதத்தில் பதினாறு பக்கமாக, கறுப்பினத் தன்பால் ஈர்ப்பாளர்கள் கூடும் இடங்களில் இலவசமாக வைக்கப்பட்ட அந்த இதழ், விரைவிலேயே நாடெங்கிலும் கனடாவிலும் வாசகர்களைப் பெற்றது. பாதுகாப்பான உடலுறவைப் பழக்கப்படுத்துவதற்காகப் பெல் நடத்திய ஒரு கழகத்தின் செய்திமடலிலிருந்தே அது கிளைத்தது என்பது விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. உயிர்காக்கும் அறிவுரையே அதற்கு வித்து. அறிவுரைக்கு அடுத்து அவ்வாசகருக்குத் தேவைப்பட்டது, தம் ஊரிலும் பிற ஊர்களிலும் தம்மவர் எப்படி வாழ்கிறார்கள், எதற்காகப் போராடுகிறார்கள், எவரை இழந்தார்கள் என்னும் செய்தி.

இப்பணியில் பெண்களின் பங்கை அடிக்குறிப்பாக ஒதுக்குவது பெரும் பிழையாகும். ஆட்ரி லார்ட் தம் மார்பகப் புற்றுநோயைப் பற்றி 1980-இல் வெளியிட்ட நூல், நோயுற்ற உடலைப் பற்றி வெட்கமின்றி அச்சில் பேசலாம் என்பதை எய்ட்ஸுக்கு முன்பே கற்பித்திருந்தது. அவரும் பார்பரா ஸ்மித்தும் அதே காலத்தில் நிறுவிய 'கிச்சன் டேபிள்' பதிப்பகம், எவருடைய தயவையும் எதிர்பாராமல் தம் எழுத்தைத் தாமே அச்சிடும் வழியைக் காட்டிற்று. சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் லிஸ்பெட் டெல்லஃப்சனும் பிப்பா ஃபிளெமிங்கும் 1989-இல் தொடங்கிய 'அஷே', கறுப்பின லெஸ்பியன் பெண்களுக்கு நான்கு ஆண்டுகள் கூடமாகவும் மேடையாகவும் விளங்கிற்று. எண்ணிக்கையின் அநீதியைப் பெண்களே அதிகம் அனுபவித்தார்கள். எய்ட்ஸ் என்பதற்கு அரசாங்கம் வகுத்த இலக்கணத்தில், பெண்ணுடலுக்கே உரிய கருப்பைவாய்ப் புற்றுநோய் 1993-ஆம் ஆண்டுவரை சேர்க்கப்படவில்லை. ஆதலால் அதுவரை பல பெண்கள், அவர்களில் கறுப்பினப் பெண்கள் ஏராளமானோர், அந்நோயின் விளைவாகவே மாண்டும் அதன் கணக்கில் வராமலும், அக்கணக்கின்வழிக் கிடைக்கும் உதவியைப் பெறாமலும் போனார்கள்.

மரணத்தின் காரணத்தை அச்சேற்றுவது என்னும் தர்மம் எவ்வளவு கடினமானது என்பதை 1992-இல் நியூயார்க்கில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. கவிஞர் டொனால்ட் உட்ஸின் இறுதி வழிபாட்டில், அவர் தன்பால் ஈர்ப்புடையவர் என்பதும் எய்ட்ஸால் இறந்தார் என்பதும் சொல்லப்படாமல் விடப்பட்டன. எய்ட்ஸ் பற்றிய கல்வித் திரைப்படங்களைத் தயாரிக்கும் அமைப்பையே தலைமைதாங்கி நடத்தியவர் அவர். ஹெய்ட்டியில் பிறந்த கவிஞரும் பதிப்பாளருமான அஸோட்டோ செயின்ட், சபை நடுவே எழுந்து நின்று அவ்விரண்டு உண்மைகளையும் உரக்க அறிவித்தார். துயரத்தில் இருக்கும் குடும்பத்தாரின் மனத்தை நோகச் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளவில்லை. ஆயினும், ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் கவிதையிலும் பணியிலும் வெளிப்படையாகச் சொல்லிவந்ததை அவர் பேசமுடியாத நிலைக்கு வந்தபின் மறைப்பது, அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அத்தகைய ஒவ்வொரு மறைப்பும், அதே நோயோடு அச்சபையில் அமர்ந்திருக்கும் இளைஞன் ஒருவனைத் தனக்கு மட்டுமே இது நேர்ந்தது என்று நம்பவைத்துத் தனிமையில் தள்ளுகிறது. செயின்ட் அன்று வாயால் செய்ததை அந்த ஏடுகள் இதழ்தோறும் அச்சால் செய்தன.

இவ்வளவும் சொன்னதால், அவை ஒப்பாரி ஏடுகளாகவே இருந்தன என்று எவரும் நினைக்கலாகாது. சிகாகோவில் ராபர்ட் ஃபோர்டும் நண்பர்களும் 1989 முதல் 1993 வரை நடத்திய 'திங்' இதழ், அந்நகரில் பிறந்த ஹவுஸ் இசையையும், இரவு நடனங்களையும், ஆடை அலங்காரத்தையும் ஆனந்தத்தோடு கொண்டாடியது. மாண்டவர்கள் எதை நேசித்து வாழ்ந்தார்கள் என்பதும் அவர்களைப் பற்றிய கணக்கில் சேரவேண்டியதே. சாவை எழுதுகிற ஏட்டுக்குக் களிப்பை எழுதுகிற உரிமை இருமடங்கு உண்டு.

1993-இல் 'திங்'கும் 'அஷே'யும் நின்றன. 1994-இல் 'பி.எல்.கே.' தன் நாற்பத்தோராம் இதழோடு ஓய்ந்தது. ஃபோர்டும் செயின்டும் அவ்வாண்டிலேயே மறைந்தார்கள். அடுத்த ஆண்டு ஹெம்ப்ஹில். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து உயிரை நீட்டிக்கும் சிகிச்சை 1996-இல் பரவலாயிற்று. அதே 1996-இல், புதிதாகப் பதிவான எய்ட்ஸ் நோயாளிகளில் கறுப்பினத்தாரின் பங்கு முதன்முறையாக வெள்ளையரின் பங்கை விஞ்சியது. அபாயம் முடிந்துவிட்டதென்று பெருஞ்சமூகம் பெருமூச்சு விட்ட வேளையும், நோயின் பாரம் அம்மக்கள்மேல் அதிகமாகச் சாய்ந்த வேளையும், அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டிய ஏடுகள் பல ஓய்ந்துபோன வேளையும் ஒன்றாக அமைந்தன. ஓர் ஏடு நின்றுபோவதால் உண்டாகும் நஷ்டத்தைச் சந்தாத் தொகையால் அளக்கலாகாது என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டியதில்லை.

சிற்றிதழ்களின் ஆயுள் குறுகியது, விற்பனை சொற்பம், ஆகவே அவற்றின் பயனும் சொற்பம் என்று வாதிப்பவர்களுக்கு இந்தச் சரித்திரமே நம் பதில். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் உள்ள ஷோம்பர்க் ஆய்வு மையத்தில், பீமின் தாயார் கொடுத்த காகிதங்களும், ஸ்டீவன் ஃபுல்வுட் பின்னாளில் அரும்பாடுபட்டுத் திரட்டிய கறுப்பினத் தன்பால் ஈர்ப்பாளர் ஆவணங்களும் இன்று பாதுகாக்கப்படுகின்றன. அக்காலத்தை ஆராய வருபவர் பெரும்பத்திரிகைகளின் தொகுப்புகளில் காணாத மனிதர்களை அங்கே காண்கிறார். ஓர் ஏட்டின் மதிப்பை அளக்க நாம் முன்வைக்கும் அளவுகோல் ஒன்றே: பிறர் எவரும் எழுதாத எந்த வாழ்வை, எந்த மரணத்தை அது பெயரோடும் காரணத்தோடும் எழுதிற்று? வாசகர்களும் இக்கேள்வியை நம் இதழிடம் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். அதற்கு விடைசொல்லக் கடமைப்பட்டவர்களாகவே நாம் இதை நடத்துகிறோம்.