பைரோ ஆடுபவருக்கும் லீக்கில் இடம் வேண்டும்

டீம் ஃபோர்ட்ரஸ் 2 விளையாட்டில் ஒன்பது கிளாஸ்கள் உண்டு. ஆறு பேர் அணிகள் மோதும் லீக் ஆட்டங்களில் பெரும்பாலும் கண்ணில் படுபவை நான்குதான்: இரண்டு ஸ்கவுட், இரண்டு சோல்ஜர், ஒரு டெமோமேன், ஒரு மெடிக். ஹெவியும் எஞ்சினியரும் கடைசி பாயிண்டைக் காக்கும் நெருக்கடியில் தலைகாட்டுவதோடு சரி. பொது சர்வர்களில் 12 பேருக்கு 12 பேர் என்று ஆடி, பைரோ என்ற கிளாஸில் கைதேர்ந்த ஒருவர் லீக்கில் சேர வந்தால், முதலில் அவர் காதில் விழுவது ‘பைரோவை விட்டுவிடுங்கள்’ என்பதுதான். புதியவர்கள் வாசலோடு திரும்பிப் போவதற்கு இதுவே முதல் காரணம் என்று லீக்கை நடத்தும் தன்னார்வ நடுவர் மன்றம் உறுதியாகக் கருதுகிறது.

அதற்காகக் கிளாஸ் வரம்பு, ஆயுதத் தடை போன்ற லீக் விதிகளை மொத்தமாகத் தூக்கிவிட முடியாது. வால்வ் நிறுவனமே அதைச் செய்து பார்த்தது. 2016 ஜூலையில் வந்த ‘மீட் யுவர் மேட்ச்’ அப்டேட், போட்டி முறையை விளையாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. அணிக்கு ஆறு பேர். ஒரே கிளாஸை எத்தனை பேரும் எடுக்கலாம், எந்த ஆயுதத்துக்கும் தடையில்லை. லீக்கில் ஊறியவர்களுக்கு அது தங்கள் ஆட்டமாகவே தெரியவில்லை. பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கோ, அதே அப்டேட்டில் வந்த கேஷுவல் முறையே போதுமானதாக இருந்தது.

கிளாஸ் வரம்பு வீம்புக்காக வந்ததல்ல. மெடிக்கின் ஊபர் 8 விநாடிக்கு அவரையும் அவர் குணப்படுத்தும் ஒருவரையும் அடிபடாதவர்களாக்குகிறது. ஓர் அணிக்கு இரண்டு மெடிக் என்றால் ஊபரும் இரட்டிப்பாகும். எதிரணி முன்னேறவே வழி இருக்காது. தற்செயலாக விழுந்து மும்மடங்கு சேதம் செய்யும் கிரிட்டுக்கும் இதே நியாயம்தான். எந்த டிவிஷனிலும் அது அணைந்தே இருக்க வேண்டும். உழைத்து வென்ற சண்டையை அதிர்ஷ்டம் பறித்துக்கொண்டால் புதியவருக்கும் வலிக்கும்.

எனவே மன்றம் கேட்பது கீழ் டிவிஷன்களுக்கு மட்டும் வேறு வடிவம். ஒன்பது கிளாஸுக்கும் ஒவ்வொருவர் என்ற ஹைலாண்டர் முறை ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் வேலைநாள் இரவில் ஒன்பது பேரைச் சேர்ப்பது அணித் தலைவரின் உயிரை வாங்கும். ஏழு பேர், ஒரே நேரத்தில் எந்தக் கிளாஸும் இரண்டு முறை வரக்கூடாது என்ற புரோலாண்டர் முறை இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. பைரோவுக்கும் ஸ்பைக்கும் அதில் உண்மையான வேலை இருக்கிறது. ஆட்டத்தின் நடுவே கிளாஸை மாற்றிக்கொள்ளவும் முடியும்.

எஞ்சினியர் கட்டும் சென்ட்ரியும் ஹெவியும் ஆட்டத்தை மந்தமாக்கும் என்று மூத்த ஆட்டக்காரர்கள் சொல்வது உண்மை. மேல் டிவிஷனில் ஆறு பேர் விதி அப்படியே நீடிக்க வேண்டும் என்று மன்றம் சொல்வதும் அதனால்தான். கீழே நிலைமை வேறு. அங்கே வேகம் சற்றுக் குறைந்தால், மைக்கில் பேசி ஒருங்கிணையப் பழகுபவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

ஆட்ட நேரமும் குறைய வேண்டும். மற்ற விளையாட்டுகளும் இந்த வழியில்தான் போகின்றன. 2023இல் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, போட்டி ஆட்டத்தின் உச்ச ரவுண்டுகளை 30இலிருந்து 24ஆகக் குறைத்தது. வாலரன்ட்டின் ஸ்விஃப்ட்பிளே ஐந்து ரவுண்டு வெற்றியோடு முடிகிறது. தொடக்க டிவிஷனில் ஐந்து பாயிண்ட் மேப்களைக் குறைத்து, ஒரே பாயிண்டை 3 நிமிடம் பிடித்துவைத்தால் ரவுண்டு முடியும் கிங் ஆஃப் தி ஹில் மேப்களைக் கூட்ட மன்றம் பரிந்துரைக்கிறது.

ஆயுதத் தடைப் பட்டியல் காலியாகத் தொடங்கட்டும். ஒவ்வொரு தடையையும் காரணத்தோடு எழுதி வெளியிட்டு, சீசன் முடிந்ததும் கீழ் டிவிஷன் அணித் தலைவர்களின் வாக்குக்கு விட வேண்டும்.