இஸ்திரி போடும் பெண்ணும் வில்லங்கச் சான்றும்

போன வாரம் எட்கர் டெகா வரைந்த இஸ்திரி போடும் பெண்களைப் பற்றி இங்கே எழுதினேன். அதே பொருளில் பிக்காசோ வரைந்த ஓவியம் ஒன்று நியூயார்க்கில் வழக்காகிப் போனதையும் கடைசியில் நாலு வரி சேர்த்திருந்தேன். ஓவியத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்த நாலு வரிக்குத்தான் அத்தனை கருத்துகளும். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்து, இன்று வழக்கறிஞராக இருக்கும் தம்பி ஒருவர் எழுதியது இது: "சார், வித்தாச்சு, காசும் வாங்கியாச்சு. எண்பத்தஞ்சு வருஷம் கழிச்சு வந்து திருப்பிக் கொடுன்னா எப்படி? இப்படிப் போனா உலகத்துல எந்தக் கிரயமும் நிக்காது." அதற்கு நிறையப் பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்த நீளப் பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் அந்த ஓவியம். 1904இல் பாரிஸில் வறுமையில் இருந்த இளம் பிக்காசோ வரைந்தது. சாம்பலும் நீலமுமான நிறத்தில் எலும்பும் தோலுமாக ஒரு பெண். இஸ்திரிப் பெட்டியின் மேல் முழு உடம்பையும் சாய்த்து அழுத்துகிறாள். ஒரு தோள்பட்டை காதுவரை ஏறி நிற்கிறது. டெகாவும் தோமியேவும் போட்ட பாதையில் வந்த படம்தான். 1916இல் கார்ல் ஆட்லர் என்ற ஜெர்மன் யூதர் இதை மியூனிக்கில் ஹைன்ரிஷ் டான்ஹவுசரின் கலைக்கூடத்தில் வாங்கினார். தோல் பதனிடும் பெரிய நிறுவனம் ஒன்றின் தலைவர் அவர். 1930களின் தொடக்கத்தில் இதை விற்கலாமா என்று யோசித்தபோது அவர் மனதில் இருந்த விலை சுமார் 14,000 டாலர் என்கிறது வழக்கு மனு. அப்போது விற்கவில்லை. 1938 நடுவில் மனைவியோடு ஜெர்மனியை விட்டு ஓடினார். நெதர்லாந்து, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று இடம் மாறி இடம் மாறி அலைந்தபோது, அந்த அக்டோபரில், ஹைன்ரிஷின் மகன் யுஸ்டின் டான்ஹவுசரிடமே படத்தை விற்றார். கிடைத்தது சுமார் 1,550 டாலர். கேட்ட விலையில் ஒன்பதில் ஒரு பங்கு. 1940இல் அர்ஜென்டினா போய்ச் சேர்ந்தார்கள்.

டான்ஹவுசர் பின்னாளில் தம் சேகரிப்பை நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்தார். 1976இல் அவர் இறந்தார், படம் அங்கே தங்கிவிட்டது. 2023 ஜனவரியில் ஆட்லரின் வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். 2024இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

தம்பி, இப்போது உங்கள் தொழிலிலிருந்தே ஒரு கேள்வி. மூணு சென்ட் மனை வாங்க வருகிறவரிடம் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? தாய்ப்பத்திரம் எங்கே, வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா என்றுதானே? விற்றவர் கையெழுத்து இருக்கிறது என்பதோடு விட்டுவிடுவீர்களா? கழுத்தில் கத்தி வைத்து வாங்கிய கையெழுத்து செல்லாது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கத்தி வாங்கியவர் கையில் இல்லாமல் அரசாங்கத்தின் கையில் இருந்தால் மட்டும் அந்தக் கையெழுத்து எப்படிச் செல்லும்?

அரசாங்கம் வைத்திருந்த கத்தி எப்படிப்பட்டது என்று பாருங்கள். 1938 ஏப்ரலில் ஒரு ஆணை: 5,000 மார்க்குக்கு மேல் சொத்து வைத்திருக்கும் யூதர் ஒவ்வொருவரும் அத்தனையையும் அரசிடம் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். நாட்டைவிட்டுப் போவதென்றால் 'தப்பியோட்ட வரி', சொத்தில் கால் பங்கு. இந்த வரியைக் கொண்டுவந்தது நாஜிகள் அல்ல, 1931இல் முந்தைய அரசு, பணம் வெளியே போகாமல் தடுக்க. நாஜிகள் அதை யூதர்களை உரித்தெடுக்கும் கருவியாக மாற்றிக்கொண்டார்கள். மிச்சப் பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முயன்றால் மாற்று விகிதத்திலேயே பெரும்பகுதி கரைந்துவிடும். இந்த நிலையில் ஒருவர் தம் சுவரில் இருபத்திரண்டு வருஷம் தொங்கிய படத்தை ஒன்பதில் ஒரு பங்கு விலைக்குக் கொடுக்கிறார். இதற்கு 'விற்பனை' என்று பெயர் வைக்க எனக்கு நா எழவில்லை.

"வாங்கியவரும் யூதர்தானே, அவரும் தப்பி ஓடியவர்தானே" என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. யுஸ்டின் டான்ஹவுசரை நான் கயவர் என்று சொல்லவில்லை. 1937இல் அவரும் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்தான். ஆனால் வாங்கியவர் நல்லவரா கெட்டவரா என்பதா இங்கே வழக்கு? விற்றவருக்கு விற்காமல் இருக்கும் சுதந்திரம் இருந்ததா என்பதுதான் கேள்வி. வெள்ளத்தில் வீடு போகும்போது பக்கத்து ஊர்க்காரன் பசுமாட்டைப் பத்து ரூபாய்க்கு வாங்கிக்கொண்டால், அவன் வீட்டிலும் தண்ணீர் புகுந்தது என்பதற்காக மாட்டின் விலை பத்து ரூபாய் ஆகிவிடாது.

அடுத்தது தாமதம். "1970களில் அருங்காட்சியகம் ஆட்லரின் மகனிடம் விசாரித்தது, அவர் ஆட்சேபிக்கவில்லை" என்பது குகன்ஹைமின் வலுவான வாதம். வலுவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்சேபிக்காமல் இருந்ததும் உரிமையை விட்டுக்கொடுத்ததும் ஒன்றா? நெருக்கடியில் விற்றதும் பறிப்புதான் என்று பேசும் மொழியே அன்றைக்கு அருங்காட்சியகங்களிடம் இல்லை. 1998இல்தான் 44 நாடுகள் வாஷிங்டனில் கூடி, நாஜிகள் பறித்த கலைப்பொருள்களுக்கு நியாயமான தீர்வு காண்போம் என்று ஒப்புக்கொண்டன. நிர்ப்பந்த விற்பனையையும் சேர்த்துச் சொன்ன டெரெசின் பிரகடனம் 2009இல் வந்தது. அருங்காட்சியகங்களுக்கே புரிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனதை, அகதியின் மகன் ஒரு கடிதம் வந்த உடனே புரிந்துகொண்டிருக்க வேண்டுமாம்!

இது ஒற்றை வழக்கும் அல்ல. பிக்காசோவின் 'நடிகன்' படத்தைப் பால் லெஃப்மன் என்ற ஜெர்மன் யூதர், இத்தாலியிலிருந்தும் தப்பிப் போக வழி தேடிக்கொண்டிருந்தபோது, அதே 1938இல் விற்றார். அது மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2018இல் கீழ் நீதிமன்றம், நிர்ப்பந்தம் சட்டப்படி நிரூபணமாகவில்லை என்றது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ரொம்பத் தாமதம் என்றது. காலக்கெடுவைக் காட்டி இப்படிப்பட்ட வழக்குகளை விரட்டக்கூடாது என்றுதான் அமெரிக்க நாடாளுமன்றம் 2016இல் தனிச் சட்டமே போட்டிருந்தது. முன்வாசலில் 'காலக்கெடு' என்ற பலகையைக் கழற்றிவிட்டு, கொல்லைப்புறத்தில் 'தாமதம்' என்று வேறு பலகை மாட்டியது போல இருக்கிறது.

தம்பி, நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. போர் முடிந்த பின் 1947 நவம்பரில், தன் வசமிருந்த ஜெர்மன் பகுதிகளுக்கு அமெரிக்க ராணுவ அரசு ஒரு சட்டம் போட்டது. 59ஆம் எண் சட்டம். 1933 ஜனவரி 30 முதல் 1945 மே 8 வரை, துன்புறுத்தப்பட்ட ஒருவர் விற்ற சொத்து பறிக்கப்பட்டது என்றே முதலில் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில். 1935 செப்டம்பர் 15க்குப் பிறகு விற்றதென்றால் நியாயமான விலை கொடுத்தேன் என்று காட்டினால்கூடப் போதாது. நாஜி ஆட்சியே இல்லாதிருந்தாலும் இந்த விற்பனை நடந்திருக்கும் என்றோ, விற்றவரின் நலனை வாங்கியவர் அசாதாரணமாக முயன்று காப்பாற்றினார் என்றோ காட்ட வேண்டும். ஜெர்மன்காரனுக்கு இந்த அளவுகோலை நீட்டிய நாடு, தன் வீட்டு அருங்காட்சியகத்துக்கு மட்டும் வேறு அளவுகோலை எடுக்கிறது. "எந்தக் கிரயமும் நிக்காது" என்று பயந்தீர்களே, அந்தச் சட்டம் வந்த பிறகும் ஜெர்மனியில் கிரயங்கள் நின்றுகொண்டுதான் இருக்கின்றன.

"இதெல்லாம் பணக்காரன் பிரச்சினை, முதலாளியின் பேரனுக்கும் பெரிய மியூசியத்துக்கும் நடக்கும் சண்டை, நமக்கென்ன" என்று தோழர் ஒருவர். தோழரே, பணக்காரர்களின் ஓவியங்களோடு பறிப்பு நிற்கவில்லை. 1942 முதல் பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்தில் சுமார் 70,000 யூத வீடுகளைத் துடைத்தெடுத்து ரயிலேற்றினார்கள். கட்டில், பாத்திரம், தலையணை உறை, மேஜை விரிப்பு, குழந்தையின் பொம்மை வரை. பாரிஸில் லெவித்தான் என்ற மரச்சாமான் கடையையே முகாமாக்கி, யூதக் கைதிகளை வைத்து அந்தச் சாமான்களைத் தரம் பிரிக்க வைத்தார்கள். தங்கள் வீட்டுப் பொருளையே அங்கே அடையாளம் கண்ட கைதிகள் உண்டு. அந்தப் படுக்கை விரிப்புகளுக்கு யாரும் வழக்குப் போட முடியாது. அவற்றுக்கு எண் இல்லை, பட்டியல் இல்லை. ஓவியத்துக்கு மட்டும்தான் கைமாறிய கதை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. காகிதம் இருக்கும் இடத்திலேயே நியாயம் கிடைக்காவிட்டால், இல்லாதவர்களைப் பற்றிப் பேசி என்ன பயன்?

டெகாவின் படத்துக்கு வருகிறேன். ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 1884–86இல் வரைந்தது. ஒருத்தி இரண்டு கையாலும் பெட்டியை அழுத்துகிறாள். பக்கத்தில் இன்னொருத்தி கழுத்தில் கைவைத்து, வாய் பிளந்து கொட்டாவி விடுகிறாள், மற்றொரு கையில் பாட்டில். அலுப்பை இவ்வளவு மரியாதையோடு வேறு யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. அந்த இரண்டு பெண்களின் பெயரும் எந்தப் பட்டியலிலும் இல்லை. அது தனிக் கோபம், இன்னொரு நாளைக்கு. கொடுத்தவர் பெயர் இருக்கிறது: கோமான் இசாக் த கமோண்டோ, 1911. இஸ்தான்புல்லில் பிறந்த யூத வங்கியாளர், தம் சேகரிப்பை லூவ்ருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனவர். வரைந்த டெகாவோ, டிரைஃபஸ் வழக்கு வந்தபோது யூத வெறுப்பில் முற்றி, பல வருஷ நண்பர்களான ஹலேவி குடும்பத்தையே உதறியவர். (ஓவியன் நல்ல மனிதனாகவும் இருக்க வேண்டும் என்று நம்புகிறவர்கள் டெகாவைப் படிக்காமல் இருப்பது நல்லது.)

இசாக்கின் ஒன்றுவிட்ட சகோதரர் மொயீஸ். அவரும் தம் மாளிகையையும் சேகரிப்பையும் பிரெஞ்சு நாட்டுக்கே எழுதிவைத்தார். அவர் மகன் நிஸ்ஸிம் 1917இல் பிரான்சுக்காகப் போரில் இறந்தார். மகள் பெயாட்ரீஸ், அவர் கணவர், இரண்டு பிள்ளைகள் ஆகிய நால்வரையும் பிடித்து டிரான்சி முகாமில் அடைத்து, 1943–44இல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். ஒருவரும் திரும்பவில்லை. டெகாவின் படத்துக்குப் பக்கத்தில் இருப்பது 'கமோண்டோ, 1911' மட்டும். அந்த அட்டையில் இன்னும் மூன்று வரிக்கு இடம் இருக்கிறது, எழுதலாம்.

குகன்ஹைமுக்கும் வழி தெரியாமல் இல்லை. அதே டான்ஹவுசர் கொடுத்த இன்னொரு பிக்காசோ, 'மூலென் த லா கலேத்'. அதற்கு மெண்டல்சோன்-பார்த்தோல்டி என்ற யூத வங்கியாளரின் வாரிசுகள் உரிமை கேட்டபோது, 2009இல் விசாரணை தொடங்கும் நேரத்தில் அருங்காட்சியகம் சமரசம் செய்துகொண்டது. படம் அங்கேயே இருக்கிறது. 2018இல் கிர்ஷ்னரின் ஓவியம் ஒன்றை ஃபிளெக்ட்ஹைமின் வாரிசுகளுக்குத் திருப்பியே கொடுத்தது. இஸ்திரிப் பெண் விஷயத்தில் மட்டும் ஏன் நீதிமன்றத் தள்ளுபடிக்குப் பின்னால் நின்றுகொள்ள வேண்டும்? வழக்கில் ஜெயித்தவர் பேச்சுவார்த்தைக்கு உட்காரக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே. தம்பி, 59ஆம் எண் சட்டத்தைத் தேடிப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். படிக்காமல் விருப்பம் போட்டவர்களுக்கும் இதுதான் வீட்டுப்பாடம்.